ஃப்ரேமுக்குள் வந்த கைகள்

எடிட்டிங் மேஜையை விட்டு எழுந்து வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆவணப்படம் எடுக்கிற பிள்ளைகளான நீங்கள் அவ்வப்போது எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் என் வீட்டைத் தேடி வருகிறீர்கள். காபி ஆறுவதற்குள் லேப்டாப்பைத் திறந்து படத்தை ஓடவிடுகிறீர்கள். முடிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேடம், இன்னும் எவ்வளவு குறைக்கணும்?"

நான் திருப்பிக் கேட்பேன்: "இதை யார் பார்க்கப் போறாங்க?"

"எல்லாரும்" என்பீர்கள். எல்லாரும் என்று ஒருவர் இந்த ஊரில் இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்படிச் சொன்னால் கிழவி மடக்குகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் ஒரு படத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். அரியமங்கலத்தில் பட்டறை நடத்தும் ஸ்டெல்லா என்ற பெண்மணியைப் பற்றிய படம் அது. இயக்கியவன் குமரவேல். லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட நிறைய இளையவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் எடிட்டர்.

குமரவேல் அந்தப் பட்டறைக்குப் போனது படம் எடுப்பதற்காக அல்ல. கேமராவைத் தாங்கும் ஸ்டாண்டில் ஒரு கம்பி உடைந்துவிட்டது, வெல்டிங் வைக்கப் போனான். உள்ளே கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. இரும்புத் தகட்டின் மேல் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. வேறு பட்டறைகளில் இந்தச் சத்தத்துக்கு மேல் ஆட்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒரு குரல்கூட இல்லை. எல்லாரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பேச்சு போய்வந்தது, சிரிப்பும் கூட. அத்தனை பேரும் காது கேளாதவர்கள். நடுவில் தோல் ஏப்ரனும் கையுறையுமாக நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்த முதலாளி ஸ்டெல்லாவும் அப்படித்தான்.

அவன் மறுநாளே கேமராவோடு போய்விட்டான்.

ஸ்டெல்லாவுக்கு ஒரு மகள், ஜெனி. அவளுக்குக் காது கேட்கும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கையால் சொல்வதை வாயால் சொல்வதும், மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையால் சொல்வதும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அம்மாவுக்காகப் பேசும்போது 'நான்' என்றுதான் பேசுவாள். ஆரம்பத்தில் நமக்குக் குழப்பமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில், ஸ்டெல்லாவே பேசுகிறார் என்று மனம் எடுத்துக்கொண்டுவிடும்.

சென்னையில் ஒரு தொலைக்காட்சி சேனல் அந்தப் படத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அரை மணி நேர நிகழ்ச்சி. குமரவேலுக்கு அதுதான் முதல் சேனல் படம். இது நன்றாக வந்தால் அடுத்ததும் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் கால் தரையில் நிற்கவில்லை.

என் எடிட்டிங் அறை அப்போது ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில், ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. அங்கேதான் முதல் வடிவத்தைச் செய்தோம். எப்படிச் செய்தோம் என்று உங்களுக்கே தெரியும், நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள். சின்ன வயதில் காய்ச்சல், காது போனது, ஊரார் கேலி, சிறப்புப் பள்ளி, வேலை தேடி அலைச்சல், சொந்தப் பட்டறை, கடைசியில் வெற்றி. ஸ்டெல்லா கையால் பேசிய பேட்டியில் அவருடைய முகத்தைக் குளோசப்பில் வைத்துக்கொண்டோம். அந்த முகத்தில் அவ்வளவு உணர்ச்சி. இடையிடையே தீப்பொறி பறக்கும் ஷாட்டுகள். பின்னால் கனத்த ஆண் குரலில் ஒரு வாய்ஸ் ஓவர். அதற்கும் பின்னால் வயலின். சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பார்த்துவிட்டு, "கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க" என்றார். சுறுசுறுப்பான, நியாயமான பெண்மணி அவர். அந்த வாரமே முன்னோட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

படத்தில் இருப்பவர்களுக்குப் படத்தைக் காட்டிவிட்டுத்தான் வெளியிடுவது என்று குமரவேலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதனால் ஸ்டெல்லாவையும் ஜெனியையும் மாடிக்கு அழைத்தான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார் ஸ்டெல்லா. கையில் ஒரு பெட்டி மைசூர்பாகு.

படம் ஓடத் தொடங்கியதும் ஆசையோடு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் புருவம் சுருங்கியது. திரும்பி ஜெனியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். படம் பாதி தாண்டும்போது அவர் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டேன். ஸ்டெல்லாவின் கைகள் அசைந்தன. ஜெனி சொன்னாள்: "இதுல யாருங்க பேசுறது?"

குமரவேல் சிரித்தான். "நீங்கதான் பேசுறீங்க."

"நான் எங்க பேசுறேன்? மூஞ்சி மட்டும்தானே இருக்கு. கை எங்க?"

எழுந்து போய்த் திரையின் கீழ் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். அவருடைய முகம் இருந்தது. தோள் இருந்தது. அதற்குக் கீழே திரை முடிந்துவிட்டது. நான் அந்தக் காட்சிகளை எத்தனையோ முறை முன்னும் பின்னும் ஓட்டியிருக்கிறேன். தோள்கள் அசைவதையும் பார்த்திருக்கிறேன். பேசுகிறவரின் வாயை வெட்டி எறிந்துவிட்டு நெற்றியை மட்டும் காட்டுவதற்குச் சமமான வேலை அது என்று அந்த நிமிடம்தான் உறைத்தது.

"இந்த இடத்துல நான் ஒரு ஜோக் சொல்லிட்டிருக்கேன்" என்று தொடர்ந்தாள் ஜெனி, அம்மாவின் கைகளைப் பார்த்தபடியே. "இரும்பு சப்ளை பண்ண வந்தவரைப் பத்தின ஜோக். அங்க என்ன சொல்றாங்க படத்துல?"

ஜெனிதான் அதையும் சொன்னாள். அந்த இடத்தில் கனத்த குரல், 'சமூகத்தின் புறக்கணிப்பை ஸ்டெல்லா நாள்தோறும் சந்தித்தார்' என்கிறது என்று கையால் எடுத்துச் சொன்னாள். கூடவே வயலின் இழுப்பதைப் போலக் கையை இழுத்து, முகத்தைச் சோகமாக வைத்துக் காட்டினாள்.

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நான் நினைத்தேன். ஆனால் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது வேறு.

"அந்தக் காய்ச்சல்லதான் படத்தை ஆரம்பிக்கிறீங்க. அது எனக்கு ஞாபகமே இல்லைங்க. அது எங்கம்மாவோட கதை. அவங்கதான் அழுதாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சதுல இருந்து நான் இப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "படம் எடுக்கச் சம்மதம்னு பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டேன். அதனால வேணாம்னு சொல்ல மாட்டேன். டி.வி.ல காட்டுங்க. ஆனா எங்க ஆளுங்ககிட்ட இது என்னைப் பத்தின படம்னு நான் சொல்ல மாட்டேன்."

மைசூர்பாகுப் பெட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாங்களும் போட்டிருப்போம். தடை சொல்லியிருந்தால் அந்தக் கையெழுத்தைக் காட்டியிருப்போம். அவரோ எங்களுக்குப் பூரண உரிமை கொடுத்துவிட்டுத் தான் மட்டும் படத்திலிருந்து வெளியேறிவிட்டார். குமரவேல் கொஞ்சம் கோபமாகவே பேசினான்.

"அக்கா, ஒண்ணு யோசிங்க. ஞாயித்துக்கிழமை காலையில டி.வி. முன்னாடி உக்காரப் போறவங்க யாரு? காது கேக்குறவங்க. சைகை மொழி ஒரு வார்த்தை தெரியாதவங்க. அவங்களுக்குக் கையைக் காட்டி என்ன ஆகப் போகுது? முகத்தைக் காட்டினா மனசு இளகும். ஸ்டெல்லா அம்மா கேக்குறது அவங்க ஆளுங்களுக்கான படம். சேனல் கேக்குறது இவங்களுக்கான படம். ரெண்டும் ஒண்ணா வருமா?"

அவன் சொன்னதில் தவறில்லை. அதை இன்றும் சொல்வேன். இப்படிப்பட்ட நேரத்தில் எதிரே நிற்பவன் மோசமானவனாக இருந்தால் முடிவெடுப்பது சுலபம். இங்கே இரண்டு பேரும் நியாயமானவர்கள். ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

பதில் தெரியாதபோது நான் செய்கிற ஒரே காரியம் எடுத்த காட்சிகளுக்குத் திரும்பிப் போவது. பேட்டி எடுத்தபோது எங்கள் கேமராமேன் இரண்டாவது கேமராவை ஒரு மூலையில் ஸ்டாண்டில் நிறுத்தி, அகலமான ஷாட் ஒன்றையும் சும்மா ஓடவிட்டிருந்தார். ஏதாவது கோளாறானால் உதவும் என்று. அதை நாங்கள் சீண்டவே இல்லை. பின்னால் தண்ணீர் கேனும், யாருடைய சைக்கிளோ ஒன்றும், மாதா படம் போட்ட காலண்டரும் தெரிகிறது, பார்க்க அழகாக இல்லை என்று ஒதுக்கியிருந்தோம். இப்போது அதைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கேனுக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஸ்டெல்லா முழுசாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் ஃப்ரேமுக்குள் இருந்தன.

அந்த ஜோக்கை அப்போதுதான் நான் முதல் முறையாகப் பார்த்தேன். இரும்பு சப்ளைக்காரர் பட்டறைக்கு வருகிறார். ஸ்டெல்லா தன் காதைத் தொட்டு, கேட்காது என்று கையை அசைக்கிறார். அவர் இன்னும் உரக்கப் பேசுகிறார். ஸ்டெல்லா மறுபடி கையை அசைக்கிறார். அவர் இன்னும் உரக்க. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் பிதுங்குகிறது. பக்கத்துப் பட்டறை ஆட்கள் ஏதோ அடிதடி என்று ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். மறுநாள் அவர் திரும்பி வருகிறார். தொண்டை கட்டிவிட்டது, குரலே இல்லை. இரும்பு எவ்வளவு வேண்டும் என்று கையால் கேட்கிறார்! இந்த அத்தனை பேரையும் ஸ்டெல்லா ஒருவரே உட்கார்ந்த இடத்தில் நடித்துக் காட்டினார்.

அந்தப் பகுதியை வெட்டாமல், குரலும் இசையும் இல்லாமல், பட்டறைச் சத்தத்தை மட்டும் வைத்து, ஜெனியிடம் வார்த்தைகளைக் கேட்டு வாங்கிக் கீழே சப்டைட்டில் போட்டேன். பிறகு கீழ்வீட்டு மாமியைக் கூப்பிட்டேன். அந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெருமாளைச் சேவித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். எந்த விளக்கமும் கொடுக்காமல் உட்கார வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படத்தை யாருக்காவது போட்டுக் காட்டும்போது நீங்களும் திரையையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். திரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பார்ப்பவரின் முகத்தைப் பாருங்கள். நான் குமரவேலையும் அப்படித்தான் உட்கார வைத்தேன், திரைக்கு முதுகு காட்டி.

"பேச்சுச் சத்தத்தையே காணோமே, ஏதாவது ரிப்பேரா?" என்றார் மாமி.

"இல்ல மாமி, பாருங்க."

பார்த்தார். முதலில் வாயோரம் ஒரு அசைவு. பிறகு பக்கென்று ஒரு சிரிப்பு. சப்ளைக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தபோது மாமியின் கழுத்தும் தன்னால் நீண்டது. குமரவேல் என்னைப் பார்த்தான்.

முடிந்ததும் மாமி, "அவன் கத்தறான், இவளுக்குக் கேக்கலை, அதானே? என்னமா நடிக்கறா! ஆனா கடைசியில அந்த மனுஷன் வந்து என்ன பண்றான்? அது மட்டும் எனக்குப் புரியலை" என்றார்.

"கீழே எழுத்து வந்துச்சே மாமி?"

"கண்ணாடியைக் கீழ வெச்சுட்டு வந்துட்டேன். எழுத்தெல்லாம் யாரு பார்த்தா?"

அந்த ஒரு பேச்சில் எங்களுக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. சைகை மொழி தெரியாதவர்களும் கைகளைப் பார்ப்பார்கள், அவர்களை நாம் குறைத்து எடைபோட்டிருந்தோம். ஆனால் சப்டைட்டிலை மட்டும் நம்பினால் கண்ணாடி இல்லாதவர்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரும் விட்டுப்போவார்கள். தொலைக்காட்சிக்குக் குரல் வேண்டும். யாருடைய குரல் என்பதுதான் கேள்வி.

"ஜெனி" என்றான் குமரவேல். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படத்தின் கட்டமைப்பையும் மாற்றினோம். காய்ச்சல் போனது. கேலி, அலைச்சல் எல்லாம் போயின. பழைய வடிவத்தில் கடைசியில் 'வெற்றி' என்று ஒரு காட்சி வைத்திருந்தோம் என்றேனே, அது பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவரின் தரப் பரிசோதகர் பட்டறைக்கு வந்து, வேலை கொடுக்கச் சம்மதித்த நாள். காது கேளாதவர்களிடம் வேலை கொடுத்தால் எச்சரிக்கை மணி அடித்தால்கூடத் தெரியாதே என்று அவர் அதுவரை வராமல் இருந்தார். அந்த நாளைத் தூக்கி முன்னால் வைத்தோம். காலையில் பட்டறை திறக்கிறது, இன்று பரிசோதகர் வருகிறார், வேலை கிடைக்குமா கிடைக்காதா? அந்த ஒரே கேள்வியில் படம் முழுவதும் நடந்து போனது. காத்திருக்கும் நேரத்தில் ஸ்டெல்லா தன் கதையைச் சொல்கிறார். வாழ்க்கை முழுவதையும் அரை மணி நேரத்துக்குள் திணிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த படம், ஒரு நாளுக்குள் கை காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

ஜோக்கை மட்டும் குரலில்லாமல் விட்டு, மற்ற இடங்களில் தற்காலிகமாக என் குரலை வைத்துச் சேனல் பொறுப்பாளருக்கு அனுப்பினோம். போன் உடனே வந்தது.

"என்னங்க இது, நான் ஓகே சொன்ன படத்தை மாத்திட்டீங்க! வயலின் எங்க? அந்த ஜோக் இருக்கே, அங்க இவ்வளவு நேரம் யாரும் பேசலைன்னா டி.வி. ரிப்பேர்னு நெனச்சு சேனலை மாத்திடுவாங்க."

குமரவேல் போனை என்னிடம் நீட்டினான்.

"மேடம், பழைய படமும் ரெடியாதான் இருக்கு" என்றேன். "நீங்க சொன்னா அதையே அனுப்பிடுறோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பண்ணுங்க. உங்க ஆபீஸ்ல இந்தப் படத்தைப் பத்தி எதுவுமே தெரியாத ரெண்டு பேரைக் கூப்பிட்டு அந்த ஜோக்கைப் போட்டுக் காட்டுங்க. நீங்க படத்தைப் பாக்காதீங்க. அவங்க முகத்தைப் பாருங்க."

"பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

பழைய படத்தை அனுப்பத் தயார் என்று நான் சொன்னதைக் கேட்டுக் குமரவேல் என் பக்கம் திரும்பினான். "நெஜமாவே அனுப்பிடுவீங்களாக்கா?" என்றான். எனக்கே தெரியவில்லை. ஆனால் எதிரே இருப்பவருக்கு மறுக்கும் வழியை அடைத்துவிட்டு வாங்கும் சம்மதம் நிலைக்காது என்று மட்டும் தெரிந்திருந்தது. மைசூர்பாகுப் பெட்டி இன்னும் மேஜையில் இருந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துத் தின்றபடி காத்திருந்தோம்.

சாயந்திரம் போன் வந்தது. "சிரிச்சாங்க" என்றார் அவர், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "ஆனா கடைசி வரி மட்டும் வாய்ஸ்ல வரணும். எழுத்தைப் பெருசாக்குங்க. ஆரம்பத்துல தீப்பொறி ஷாட் வேணும், முன்னோட்டத்துல போட்டுட்டோம். இதுக்கெல்லாம் சரின்னா எனக்கும் சரி."

எல்லாவற்றுக்கும் சரி என்றோம். மாமி தடுக்கி நின்ற அதே இடத்தில்தான் சென்னையிலும் தடுக்கியிருந்தார்கள். ஜெனி மாடிக்கு வந்து குரல் கொடுத்தாள். ஸ்டெல்லாவையும் முன்கூட்டியே பார்க்க அழைத்தோம், டி.வி.யிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். அம்மாவின் கை அசையத் தொடங்கி ஒரு மூச்சு விட்ட பிறகே அவள் குரல் வரும்படி வைத்தேன். முதலில் கை, பிறகுதான் வாய். ஜோக் முழுவதும் கைகளிலேயே ஓடியது. கடைசி வரியை மட்டும் ஜெனி சொன்னாள், சிரிப்பை அடக்க முடியாமல். அந்தச் சிரிப்பை நான் வெட்டவில்லை.

ஸ்டெல்லாவின் ஆட்களுக்கு வேறொரு பிரதி செய்தோம். அதில் குரலே கிடையாது, சப்டைட்டில் மட்டும். அவர்கள் ஞாயிறுதோறும் பாலக்கரைப் பக்கம் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். ஒளிபரப்பு முடிந்த அடுத்த ஞாயிறு அங்கே திரையிடலாம் என்று சொல்லி அனுப்பியது ஸ்டெல்லாதான். தொலைக்காட்சியில் பார்த்ததற்கு அவர் கொடுத்த விமர்சனம் அந்த அழைப்பு மட்டுமே.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசைகளில் காது கேளாதவர்கள், பின்னால் அவர்களுடைய உறவினர்கள், பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர். குமரவேல் போய் விளக்கையெல்லாம் அணைத்தான். உடனே முன் வரிசையில் ஒரே சலசலப்பு. நாற்காலியைத் தட்டுகிறார்கள், கையை ஆட்டுகிறார்கள். ஜெனி ஓடிவந்தாள். "லைட்டைப் போடுங்கண்ணா. இருட்டுல எப்படிப் பேசிக்கிறது?"

"படம் ஓடுறப்ப எதுக்குப் பேசணும்?"

"பேசாம எப்படிப் படம் பாக்குறது?"

பாதி விளக்குகள் எரிய, திரையில் படம் வெளிறித் தெரிந்தது. அவன் கலர் திருத்த அவ்வளவு பாடுபட்டிருந்தான், பாவம். ஆனால் படம் ஓட ஓட அவனும் அதை மறந்துவிட்டான். அந்த மண்டபத்தில் எல்லாரும் எல்லாரிடமும் பேசிக்கொண்டே பார்த்தார்கள். பரிசோதகர் நோட்டும் பையுமாக வந்து நின்றபோது ஒருவர் எழுந்து அவர் நடையை நடித்துக் காட்டினார்.

ஜோக் வந்தது. முன் வரிசைகள் வெடித்தன. பின் வரிசைக்காரர்கள் சப்டைட்டில் வருவதற்காகக் கண்ணை இடுக்கிக்கொண்டு, முன்னால் இருப்பவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு தாமதமாகச் சிரித்தார்கள். காது கேட்கிறவர்கள் பின்தங்கிப்போய் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஸ்டெல்லா திரும்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பாராட்டோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். படம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். ஜெனி மொழிபெயர்த்தாள்: "எழுத்தைக் கொண்டுபோய் ஏங்க கை மேல போட்டீங்க? பாதி பேச்சு எழுத்துக்குப் பின்னாடி போயிடுச்சு." எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று கையை ஆட்டினார்கள். திரையின் கீழ்ப்பகுதி சப்டைட்டிலுக்கு என்றுதான் நான் ஆயுள் முழுவதும் நினைத்திருந்தேன். அடுத்த வாரம் எழுத்தை மேலே ஏற்றினோம்.

இத்தோடு படத்தின் வேலை முடிந்தது, தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு ஒன்று, காது கேளாதவர்களுக்கு ஒன்று என்று கணக்கை மூடிவிட்டிருந்தோம். ஒரு நாள் ஜெனியின் எண்ணைத் தேடிப்பிடித்துக் கைலாசபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவருக்கு ஒரு பெண் குழந்தை, பிறவியிலேயே காது கேட்காது. வாயசைவைப் பார்த்துப் பேசப் பழக வேண்டும், கையை ஆட்டிப் பழகிவிட்டால் பேச்சு வராது என்று யாரோ சொல்ல, அவரும் மனைவியும் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போகும்போது அவள் கையைத் தூக்கினால் பிடித்து இறக்கிவிடுவாராம். "நாலு பேரு பாப்பாங்களேன்னுதான்மா" என்று ஜெனியிடம் சொல்லியிருக்கிறார்.

படம் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டெல்லாவின் கைகளைக் கண்டதும் அந்தக் குழந்தை எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றாளாம். திரையைத் தொட்டாளாம். பிறகு தானும் கையை அசைத்து ஸ்டெல்லாவிடம் ஏதோ பேச ஆரம்பித்தாளாம், நிறுத்தாமல்.

"எம்பொண்ணு என்ன சொன்னான்னு எனக்குத் தெரியலைம்மா" என்றாராம் அவர். "அவ அவ்வளவு பேசுவான்னே எனக்குத் தெரியாது. எங்க போயி கத்துக்கறது?"

ஜெனி வந்து இதைச் சொன்னபோது குமரவேல் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். எங்கள் பழைய வடிவம் ஒளிபரப்பாகியிருந்தால் அந்தக் குழந்தை ஒரு சோகமான முகத்தைத்தான் பார்த்திருப்பாள். அந்த அப்பா தன் பயம் சரிதான் என்று உறுதி செய்துகொண்டிருப்பார்.

நாங்கள் கணக்கிலேயே எடுக்காத பார்வையாளர்கள் அவர்கள். அவர்களுக்காகக் குமரவேல் பெரிய படத்தில் சேர்க்காமல் விட்ட காட்சிகளிலிருந்து ஒரு குட்டிப் படம் வெட்டினான். பெரிய படத்தின் சுருக்கம் அல்ல அது. பட்டறை, பரிசோதகர் எதுவும் இல்லை. ஸ்டெல்லாவும் ஜெனியும் வீட்டில் சமைத்துக்கொண்டே சண்டை போடுவது மட்டும். கல்லூரிச் சுற்றுலாவுக்குப் போகலாமா கூடாதா என்று அம்மாவும் மகளும் கையாலேயே வாதாடுகிறார்கள். நடுவில் குழம்பு தீய்ந்துவிடுகிறது. எந்த வீட்டிலும் நடப்பது. போனில் பார்க்க வசதியாக நிமிர்ந்த வடிவில் செய்து, சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், குழந்தை மருத்துவர்கள் சிலரிடம் கொடுத்தோம். வாட்ஸப்பில் அது எங்கெங்கோ போனது. பெரிய படத்தைவிட அதிகம் பேர் பார்த்தது அந்தக் குட்டிப் படத்தைத்தான். குமரவேலுக்கு அந்தச் சேனலிலிருந்து அடுத்த படமும் வந்தது. அதை இன்னொரு நாள் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அவன் அதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான்.

தேவாலய மண்டபத்தில் பெற்றோருக்காக ஸ்டெல்லா இப்போது சைகை மொழி வகுப்பு எடுக்கிறார். போன மாதம் ஒரு ஞாயிறு நான் போயிருந்தேன். கைலாசபுரத்துக்காரர் தன் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கனத்த, காய்ப்பேறிய விரல்கள். தயங்கித் தயங்கி எதையோ கேட்டார். அந்தக் குழந்தை அப்பாவின் விரலைப் பிடித்து லேசாகத் திருப்பி வைத்தாள். அவர் மறுபடி கேட்டார்.

"என்ன கேக்குறாரு?" என்று ஜெனியிடம் கேட்டேன்.

"ஸ்கூல்ல இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்குறாரு ஆன்ட்டி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஸ்கூலே கிடையாது. அவருக்கு இந்தக் கேள்விதான் முழுசாத் தெரியும்."

குழந்தைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பதில் சொல்லத் தொடங்கினாள். இரண்டு கைகளாலும், புருவத்தாலும், தோளாலும் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனாள். அவருக்குக் கால்வாசிகூடப் புரிந்திருக்காது. ஆனாலும் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.